பெரகல இறக்கத்தில் சத்தமில்லாமல்

ஹைபிரிட் காருக்கு வெளியே விற்கும் எஞ்சின் பாகங்களை வாங்கிப் பூட்டினால் வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடுமா என்று இன்றும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். ஓடாது. என் வண்டியில் எந்த வித்தியாசமும் வரவில்லை. பூட்டிய இரண்டாவது வாரமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நல்ல வித்தியாசம் என்று ஒருவனிடம் சொன்னேன். அவன் அதை நம்பினான்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவன். கொழுந்து எவ்வளவு வாட வேண்டும், அடுப்பு எவ்வளவு சுட வேண்டும் என்பதெல்லாம் என் சொல்லில் நடந்தது. தேயிலையில் ஏதாவது கோளாறு வந்தால், ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதைத் தொடாதே என்று ஆட்களிடம் சொல்வேன். எது காரணம் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. இதை இவ்வளவு நன்றாக அறிந்தவன்தான் பிறகு அப்படி நடந்துகொண்டேன்.

பெட்ரோலுக்கு வரிசையில் நாட்கணக்காக நின்ற காலம் முடிந்ததும், பதுளையில் ஒருவரிடமிருந்து பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினேன். லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அதன் திரை காட்டும். சாலையைப் பார்த்ததைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்த்தேன். பிறகு ஃபோனில் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். காற்றை அதிகமாக உள்ளே விடும் சிவப்பு எயார் ஃபில்டர், விசேஷமான ப்ளக் நான்கு, அக்ஸிலேட்டரோடு இணைக்கும் தீப்பெட்டி அளவான கறுப்புப் பெட்டி ஒன்று. மூன்றையும் தருவித்தேன். மூன்றையும் ஒரே நாளில் பூட்டச் சொன்னேன்.

கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், 'ஐயா' என்பதற்கு மட்டும் 'மாத்தயா' என்பார். பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாத்தயா, இந்த வாகனத்துக்கு காத்து எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, மோட்டர் எப்ப ஓடணும், எல்லாம் கம்பியூட்டர் பாக்குது. நாங்க இந்தப் பக்கம் ஒன்னு கூட்டினா அது அந்தப் பக்கம் ஒன்னு குறைக்கும்."

"பூட்டுங்க பாஸ்."

"பூட்டுறேன். சத்தம் மட்டும் நல்லா வரும்."

அவர் சொன்னபடியே சத்தம் வந்தது. தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும்போது எஞ்சின் உறுமியது. காலை லேசாக வைத்தாலே வண்டி பாய்ந்தது. சத்தத்தை நான் வேகம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கறுப்புப் பெட்டி செய்ததெல்லாம் நான் அரைவாசி மிதித்தால் முக்கால்வாசி மிதித்ததாக எஞ்சினுக்குச் சொல்வதுதான். மேலே போய்ச் சேர்ந்த நேரமும் திரையில் இருந்த எண்ணும் மாறவில்லை. இரண்டாவது வாரம் எண் சற்றுக் குறையவும் செய்தது.

அந்த வாரம்தான் நான் முன்பு சொன்ன அந்த ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து அதே மாதிரிக் காரில் வாடகைக்கு ஹயர் ஓடுபவன். நாற்பது வயதிருக்கும். அவனுடைய அப்பா எனக்குக் கீழே தொழிற்சாலையில் அடுப்பு பார்த்தவர். மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தபோது அந்தக் குடும்பத்தில் அம்மாவும் அவனும் மட்டும் மிஞ்சினார்கள். இப்போது புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டி வருவான். தோட்டத்தில் வேறு யாருக்காவது கிளினிக் இருந்தால் அவர்களையும் ஏற்றிக்கொள்வான். அவர்கள் உள்ளே காத்திருக்கும் நேரத்தில் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பான்.

என் காரின் முன்மூடியைத் திறந்து அந்தச் சிவப்பு ஃபில்டரைப் பார்த்தான்.

"ஐயா, இது வேலை செய்யுதுங்களா? இல்ல சும்மா அலங்காரமா?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் ஸ்டாஃப் ஐயா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று வளர்ந்த வீட்டுப் பிள்ளை அவன். அவன் முன்னால் ஏமாந்தவனாக நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"நல்லா இழுக்குது. லீட்டருக்கு மூணு நாலு கூடுது," என்றேன்.

அடுத்த மாதம் அவனும் அதே மூன்றையும் பூட்டிவிட்டு ஃபோன் எடுத்தான்.

"ஐயா, எனக்கு ஒன்னும் கூடலியே. என் வண்டிக்கு ஐயாவப் புடிக்கலையோ என்னவோ."

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. ஆனால் அதற்குள் நான் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தேன். பழைய கொழுந்து லொறிக்காரர்கள் செய்வது போல இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் உருண்டது. திரையில் எண் ஏறியது. ஹைபிரிட் காரை இறக்கத்தில் கியரிலேயே விட்டால் சக்கரம் மோட்டரைச் சுற்றும், பெட்டரி நிறையும், அந்த வேலையே வண்டியைப் பின்னால் பிடித்து வைக்கும். நியூட்ரலில் இது எதுவும் நடக்காது. அதனால் திரும்பி ஏறும்போது பெட்டரி காலியாக இருந்தது, எண் விழுந்தது. இறங்கும்போது வந்த எண்ணை மட்டும் ஆட்களிடம் சொன்னேன். ஏறும்போது வந்த எண்ணைச் சொல்லவில்லை.

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுப் பாரு. அப்ப தெரியும்," என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து சந்தோஷமாக ஃபோன் வந்தது. "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு மாதங்கள் போயின. கொஸ்லந்தவில் என் மனைவியின் உறவுக்காரப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பதுளையிலிருந்து காலையில் புறப்பட்டோம். அப்புத்தளையில் பனி மூடியிருந்தது, தூறலும் இருந்தது. அங்கிருந்து பெரகல வரை நியூட்ரலில் இறக்கினேன். பெரகல சந்தி தாண்டியும் அப்படியே விட்டேன். ஏதோ கருகும் வாசனை வந்தது. முன்னால் போகிற பஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

முன்னால் பஸ் எதுவும் இல்லை.

ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கம்போல் காலுக்குக் கீழே கெட்டியாக நின்றது. வண்டிதான் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன், இருக்கையிலிருந்து எழும்பும் அளவுக்கு அழுத்தினேன். வளைவை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. இடது பக்கம் மண்சுவர், வலது பக்கம் பனி. அந்தப் பனிக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று நான் அறிவேன். அடுத்த வளைவு தெரிந்தது. கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. என்ன செய்ய வேண்டும் என்று என் தலையில் ஒரு சொல்கூட வரவில்லை.

டேஷ்போர்டில் நியூட்ரலைக் காட்டும் எழுத்து எரிவதை என் மனைவி பார்த்திருக்கிறாள். "கியர போடுங்க" என்றாள். நான் அசையவில்லை. "கியர போடுங்கன்னு சொல்றேன்." அவளே கையை நீட்டி லீவரைத் தட்டினாள். அப்போதுதான் என் கைக்கு உயிர் வந்தது. லீவரை 'B' எழுத்துக்குத் தள்ளினேன். மலை இறக்கத்துக்கென்றே அந்தக் காரில் இருக்கும் கியர் அது. வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் நான் அதைத் தொட்டதில்லை. எஞ்சின் அலறியது. வண்டி மெதுவானது. மண்சுவரில் பக்கவாட்டை உரசி நிறுத்தினேன்.

சூடேறிக் கருகிய பிரேக்கிலிருந்து முன் சக்கரங்களில் புகை வந்தது. இறங்கிக் கல்லொன்றில் உட்கார்ந்தோம். என் மனைவியின் அப்பா கொழுந்து லொறி ஓட்டியவர். ஒரு காலை இழந்த பிறகு ஊன்றுகோலோடு வாழ்ந்தவர்.

"எத்தன நாளா நியூட்ரல்ல இறக்குறீங்க?"

சொன்னேன்.

"எங்கப்பாவும் இப்படித்தான் இறக்குவாரு. ஒரு நாளத் தவிர எல்லா நாளும் பத்திரமாத்தான் இறங்கினாரு."

பிறகு அவள், "இது ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான்தான் ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் அன்று என்ன நாள் என்பது எனக்கு நினைவு வந்தது. அவனுடைய அம்மாவுக்குக் கிளினிக் நாள். காலையில் பதுளைக்குப் போயிருப்பான். மத்தியானம் அவர்களை ஏற்றிக்கொண்டு இதே பாதையில் இறங்குவான்.

ஃபோன் எடுத்தேன். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டான். அந்த ஒழுங்கு அவனிடம் உண்டு. மறுபடி எடுத்தேன். பிறகு சிக்னலே போய்விட்டது. பெரகலவுக்கு ஏறிப் போய் நிற்கலாம் என்றால், சந்திக்கு ஏறும் நேரத்தில் பனியில் எங்களைக் காணாமல் அவன் கடந்து இறங்கிவிடலாம். "இங்கயே நிப்போம். இத விட்டா அவனுக்கு வேற பாதை இல்ல," என்றாள் அவள். ஞானஸ்நானத்துக்கு நாங்கள் போகவில்லை.

ஒரு குடைக்குக் கீழே இரண்டு பேரும் நின்றோம். என் வாழ்க்கையில் நான் அதிகம் பயந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். பிரேக் போன நிமிடம்கூட அதற்கு அடுத்தபடிதான். லொறி வந்தால் தூரத்திலேயே தெரிந்தது. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. முச்சக்கர வண்டி படபடத்தது. ஆனால் ஹைபிரிட் கார் நியூட்ரலில் இறங்கும்போது எஞ்சின் ஓடாது. அது வருவதைக் காதால் அறிய முடியாது. ஈரத் தாரில் டயர் உருளும் சத்தம் மட்டும்தான் இருக்கும், அதுவும் தூறலின் சத்தம் போலவே இருக்கும். எஞ்சின் சத்தத்தோடு அவன் வர வேண்டும் என்று ஜெபித்தேன். சத்தம் எதுவும் கேட்காத ஒவ்வொரு நிமிடமும் அவன் ஏற்கெனவே மேலே எங்கோ ஒரு வளைவில் இல்லாமல் போய்விட்டான் என்று தோன்றியது. ஒரு மலையே சரிந்து விழுந்ததில் தப்பிய அந்த அம்மாவை நான் ஒரு சிவப்பு ஃபில்டருக்காகக் கொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். சொன்னேன் என்று என் மனைவிதான் பிறகு சொன்னாள்.

அவன் சத்தமில்லாமல்தான் வந்தான். பனியிலிருந்து வெளிச்சம் மட்டும் முதலில் வந்தது. நான் குடையை விட்டுவிட்டுப் பாதையில் இறங்கிக் கைகளை ஆட்டினேன். மனைவி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கார் எங்களைத் தாண்டிப் போனது. இன்னும் போனது. தோட்டத்து லயத்து வீடு ஐந்தாறு அளவு தூரம் போன பிறகுதான் நின்றது. அருகில் போனபோது அதே கருகல் வாசனை.

முன் இருக்கையில் அம்மா கிளினிக் கொப்பியும் மருந்தும் இருந்த பையை மடியில் வைத்திருந்தார். பின்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி.

"என்னங்கய்யா, நடு ரோட்டுல? வண்டி பழுதா?"

"நீ எறங்கு தம்பி. சக்கரத்தத் தொட்டுப் பாரு."

தொடப் போனவன் சூட்டில் கையை எடுத்துக்கொண்டான். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபில்டரால், ப்ளக்கால், பெட்டியால் ஒன்றும் கூடவில்லை என்பதை, எண்ணைப் பாதி மறைத்ததை, நியூட்ரல் சொன்னது என் பொய்யைக் காப்பாற்றத்தான் என்பதை. அவன் சிரித்தான்.

"ஐயா பயந்துட்டீங்க. அதான் இப்படிப் பேசுறீங்க. எனக்குத்தான் நம்பர் ஏறுதே."

"இல்லப்பா. நான் பொய் சொன்னேன்."

அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அவன் எதிர்பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். அவனுடைய அம்மா கண்ணாடியை இறக்கினார்.

"ஐயா பொய் சொன்னாருன்னு ஐயாவே சொல்றாரு. ஒனக்கு இன்னும் என்னடா வேணும்? கியரப் போட்டு ஓட்டு. இல்லாட்டி நாங்க நடந்து போறோம்."

சக்கரம் ஆறும் வரை நின்றோம். பிறகு 'B' கியரில் எப்படி இறக்குவது என்று அவனுக்குக் காட்டினேன். புறப்படும்போது அவன் மெதுவாகச் சொன்னான். "ஐயா, ஹயர் ஸ்டாண்டுல எல்லாருக்கும் நியூட்ரல் விஷயத்தச் சொல்லிட்டேனுங்க. ஐயா சொன்ன முறைன்னுதான் சொன்னேன்."

அடுத்த நாளே மூன்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கொஸ்லந்தவுக்குப் போனேன். ஹயர்காரர்களிடம் ஃபில்டரைக் காட்டி அதே கதையைச் சொன்னேன். சிலர் கவனமாகக் கேட்டார்கள். ஒருவர், "பெட்ரோல் ஷெட்காரன் ஐயாவுக்கு ஏதும் குடுத்தானோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், லொறிக்காரங்க காலங்காலமா இப்படித்தானே இறக்குறாங்க, என்றார். பொய் சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது ஆதாரம் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

கிளினிக் நாட்களில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல் கொடு என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். கொடுக்கிறான். அது வரும் வரை மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்குவதில்லை. வந்ததும், "வந்துட்டானா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள். "வந்துட்டான்" என்பேன். சாப்பிட உட்காருவேன்.

ஸ்டாண்டில் உள்ள மற்றவர்களின் ஃபோன் நம்பர்கள் என்னிடம் இல்லை. அந்தப் பக்கம் மழை என்று ரேடியோவில் சொன்னால் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர்களிடமிருந்து எதுவும் வராது என்று எனக்குத் தெரியும்.