ஓடக்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை

என் அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று ஒரு சரித்திர நாவலை வாங்கிக் கொடுத்தேன். அதோடு கதைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கால் சரியாகி வேலைக்குப் போன பிறகும் சாப்பாட்டுப் பைக்குள் தடியாக ஏதாவது ஒரு பாகம் இருக்கும்.

ஒருநாள் ஒரு சட்டைக்குக் கைகளைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்துக் கடைக்காரர் பதறிப்போனார்.

"என்னம்மா, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"படைத்தலைவர் போயிட்டாருண்ணா. கோட்டைச் சுவர்லேர்ந்து விழுந்து."

"அவர் உனக்கு என்ன முறை?"

"முறைன்னு ஒண்ணும் இல்ல. மூணு பாகமாப் பழக்கம்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அவள் கணவரை நான் மாமா என்பேன். பஸ் பணிமனையில் மெக்கானிக். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாதவர். கடையில் வாங்கிய ரொட்டியை அவள் முன்னால் வைத்தார்.

"இனிமே எந்தக் கதையா இருந்தாலும் நான் முதல்ல படிக்கிறேன். யாராவது சாகப்போறாங்கன்னா முன்னாடியே சொல்லிடறேன். நீ மனசைத் தேத்திக்கோ."

சொன்னபடியே செய்தார். சாப்பாட்டு இடைவேளையில் பஸ் நிழலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "மந்திரி தேற மாட்டார், பார்த்துக்கோ" என்பார். அவளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு படிப்பாள்.

அடுத்த நாவலில், அரசியைத் தப்பவைக்கும் ஓடக்காரன் ஒருவன் வந்தான். அக்காவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"இவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு மாமா அவசரமாகக் குளிக்கப் போனார்.

அந்த வாரமே ஓடக்காரனை வெள்ளம் கொண்டுபோனது. அக்கா புத்தகத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, நல்லா இருக்கான்னு சொன்னீங்களே?"

"சொல்லணும்னுதான் பார்த்தேன். வாய் வரல."

அவர் தலை நிமிரவில்லை. அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். மற்றப் பக்கங்களில் அங்கங்கே கிரீஸ் கறை இருந்தது. இதிலோ ஓரம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. எத்தனை தடவை திரும்பத் திரும்பப் படித்தாரோ. கோபம் வடிந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உடம்பு கிடைச்சதுன்னு எழுதலையே. நீந்திக் கரையேறியிருப்பான்."

"அந்தச் சுழியில யாரு நீந்துறது?"

"அவன் ஓடக்காரனாச்சேங்க."

மாமா யோசித்தார். "கீழ ஆறு அகலமாகுதுன்னு எழுதியிருக்கு. அங்க வேகம் குறைஞ்சிருக்கும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

சாயங்காலம் முழுக்க இருவரும் சேர்ந்து அவனைக் கரையேற்றி, ஈரத்துணியை மாற்றவைத்து, அடுத்த ஊரில் ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்தார்கள். நான் போனபோது அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.