கத் ஊற்றில் மூன்றாவது வெள்ளி

கத் ஊரின் வெந்நீர் ஊற்றுக்கு நாங்கள் வருவது இது மூன்றாவது வெள்ளிக்கிழமை. மூன்று வெள்ளி குளித்தால் முடங்கிய கால் எழும் என்று தேரா கடைத்தெருவில் உள்ள என் கடைக்கு வரும் ஒருவர் சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன். ராஸ் அல் கைமா கல் குவாரியில் பாறைமேல் ஏறித் துளை போட்டுக்கொண்டிருந்த என் தம்பி, தவறி விழுந்து நான்கு மாதமாகிறது. அண்ணனான என்னை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

டாக்சிக்காரரும் நானும் அவனைத் தூக்கிவந்து படியில் உட்காரவைத்து, கால்களை நீரில் இறக்குகிறோம். பேரீச்சந் தோட்டங்களுக்குப் பின்னால் மொட்டை மலை நிற்கிறது. அவன் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

எதிரே கழுத்தளவு நீரில் உள்ளூர்த் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். மூன்று வெள்ளியும் அவரைப் பார்க்கிறேன். இன்று அரபியில் கேட்கிறேன்.

"நீங்க எதுக்கு வர்றீங்க?"

"மரம் ஏறும்போது கயிறு அறுந்துபோச்சு. பதினோரு வருஷமா தினமும் வர்றேன். வலிக்கு நல்ல தண்ணி. காலுக்கு மாஃபி, ஒண்ணுமில்ல."

பிறகு கைகளை ஊன்றிப் படியேறுகிறார். கால்கள் ஈரத்துணிபோலப் பின்னால் இழுபடுகின்றன.

தம்பிக்கு அரபி தெரியாது. ஆனால் அவர் மேலே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறான். நீரிலிருந்து ஆவி எழுகிறது. முழங்கால்வரை கால்களை நீரில் விட்டபடி என்னிடம் கேட்கிறான்.

"தண்ணி சுடுதா காக்கா?"