மூலை உடைந்த ஸ்லைடு

பெங்களூரில் நான் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்த கல்லூரியில், ஒட்டுண்ணி ஸ்லைடுகளை யாரும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படித்ததில்லை. சீனியர்கள் சொல்லித் தருவது வேறு: மஞ்சள் கறை என்றால் மலேரியா, நடுவில் கீறல் என்றால் அமீபா, மூலை உடைந்தது வுச்செரேரியா என்ற யானைக்கால் புழு. பிராக்டிகல் தேர்வில் நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும், அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஸ்லைடை வெறும் கண்ணால் பார்த்தாலே விடை எழுதிவிடலாம்.

முந்தைய செமஸ்டரில் கறையையும் கீறலையும் மாற்றி நினைவு வைத்து நான் தவறியிருந்தேன். இம்முறையும் தவறினால் எம்.எஸ்சி. இடம் போய்விடும். ஆகவே பிப்ரவரி முதல் செவ்வாய் தொடங்கி, ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து, தேதியிட்டு நோட்டில் வரைந்தேன்.

சிவாஜிநகரிலிருந்து வரும் என் தோழி சிரித்தாள். “உடைஞ்ச மூலைன்னா யானைக்கால் புழு. உள்ள பாத்து என்னடி பண்ணப் போற, கல்யாணமா?”

மார்ச்சில் அந்த ஸ்லைடை வரைந்தபோது ஒன்று இடித்தது. வுச்செரேரியாவின் வால் நுனி வெறுமையாக இருக்க வேண்டும். இதில் கடைசியில் தனியாக இரண்டு ஊதாப் புள்ளிகள், அதாவது நியூக்ளியஸ்கள். அப்படியானால் இது புருஜியா, அதே நோயைத் தரும் வேறொரு புழு. அடுத்த இரண்டு செவ்வாய்களிலும் வரைந்தேன். புள்ளிகள் அங்கேயேதான் இருந்தன.

தேர்வில் ஏழாவது மேசையில் அதே ஸ்லைடு. தேர்வுக்காக லேபிளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள்; வகுப்பில் அதில் வுச்செரேரியா என்று படித்திருந்ததால், விடைப்பட்டியலிலும் அதுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். புருஜியா என்று எழுதினேன்.

மாலை வாய்மொழித் தேர்வு. வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா என் தாளைத் திருப்பிக் காட்டினார். ஏழாவது விடையில் சிவப்புப் பெருக்கல் குறி.

“எல்லாரும் ஒண்ணு எழுதியிருக்காங்க, நீ மட்டும் வேற. யாக்கே?” என்று கன்னடம் கலந்து காரணம் கேட்டார்.

“வால் நுனியில ரெண்டு நியூக்ளியஸ் இருக்கு மேடம்.”

“வகுப்புல லேபிள் படிக்கலியா?”

“படிச்சேன் மேடம். புழுவையும் பாத்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய், ஸ்லைடில் எண்ணெய் ஒரு துளி விட்டு, பெரிய லென்ஸைத் திருப்பிக் குனிந்தார். பிறகு எங்கள் பேராசிரியரை அழைத்து, “சார், நீவே நோடி,” என்று அவரையே பார்க்கச் சொன்னார். அவரும் பார்த்தார். தேர்வாளர் பெருக்கல் குறியை அடித்து, இரண்டு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார்.

அடுத்து நோய் எதிர்ப்பு பற்றிக் கேட்டார்: இந்தப் புழுக்கள் உடம்பில் புகுந்தால் எந்த வெள்ளணு பெருகும்? அவர் முடிக்கும் முன்பே “இயோசினோஃபில்” என்றேன்.

வெளியே காத்திருந்த தோழியிடம் சொன்னேன்.

“அப்ப நாங்க முப்பது பேரும் தப்பா?”

“சீனியர்ஸையும் சேத்துக்கோ.”

தேர்ச்சிக்கு மேல் ஒரே ஒரு மதிப்பெண் வந்தது. ஜூலை மாத முதல் திங்கட்கிழமை, காலை ஒன்பதரைக்கு, எம்.எஸ்சி. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.