நிப்பாட்டுறது வேற

"இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று கைபேசியில் யாராவது கேட்டால், மரியகொரட்டி முதலில் கேள்வியைத்தான் திருத்துவார். "நிக்கலங்க, ஆள ஏத்துறேன்." அவரைப் பொறுத்தவரை நிப்பாட்டுறது வேறு, காத்துக்கிட்டு இருக்கிறது வேறு, போட்டுட்டுப் போறது வேறு.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பண்டாரவளைக்கு முச்சக்கரவண்டி ஓட்டும் பெண் அவர். வெயிலடித்தாலும் மழைக்கோட்டைக் கழற்றமாட்டார். ஏறுகிறவர்களுக்கு இஞ்சி டொபி கொடுப்பார். வேகமாகப் போகச் சொல்கிறவர்களுக்குக் கிடையாது.

அந்த வேறுபாட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தண்டச் சீட்டு. அவருடைய லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் தேவதாசனுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. திங்கட்கிழமைகளில் பண்டாரவளை ஆஸ்பத்திரியில் சிகிச்சை. வாசலில் வாகனம் தரிக்கக் கூடாதென்று பலகை இருக்கிறது. மரியகொரட்டி வண்டியை அங்கேயே விட்டு, அவரைத் தோளில் சாய்த்துப் படியேற்றிவிட்டுத் திரும்பியபோது, கான்ஸ்டபிள் றுஷ்தி எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆள எறக்க நிப்பாட்டலாம் அக்கா. எறக்கினதும் போயிடணும். வண்டிய விட்டுட்டுப் போனா அது பார்க்கிங்."

வாகனத் தரிப்பிடம் சரிவின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து தேவதாசனால் ஏறிவர முடியாது. மற்றச் சாரதிகள் அவரை ஏற்றுவதையே விட்டுவிட்டார்கள். மரியகொரட்டி விடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அதே பலகைக்குக் கீழே நிறுத்தினார். இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற றுஷ்தியைக் குரல் கொடுத்து அழைத்தார்.

"சேர், நான் எறங்குனா பார்க்கிங். எறங்காட்டி இவரு விழுந்துருவாரு. என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க, செய்றேன்."

"கொஞ்சம் கீழ கொண்டுபோய்ப் போடுங்க அக்கா."

"கீழ போட்டா இந்த மேட்ட இவரு எப்புடிங்க ஏறுவாரு?"

பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. தேவதாசன் கூசிப்போனார். "வேணாம் தங்கச்சி. வீட்டுக்கே போயிரலாம்."

"வந்தாச்சுண்ணே. பேசாம இருங்க."

றுஷ்தி பஸ்ஸைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு தண்டச் சீட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, குனிந்து தேவதாசனுக்குத் தோள் கொடுத்தார்.

தேவதாசனின் ஊன்றுகோல் தரையில் பட்டது. பிறகு இடக்கால். விழுந்துபோன வலக்காலையும் றுஷ்தி பிடித்து மெல்ல இறக்கி வைத்தார். அது தரையைத் தொட்டதுதான் தாமதம், மரியகொரட்டி கியரைப் போட்டுத் திரும்பிப் பாராமல் கிளம்பினார்.