பொருத்தனைக்கு எழுந்திருக்காத அக்கா

சட்டசபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபைக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். கருக்கலைப்பைப் பற்றிப் பேசினார். அவர் பேசப் பேசக் கோயில் சூடேறியது. வெளிநாடுகளில் விசுவாசிகள் ஓட்டுப் போட்டே சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள், இங்கே நாம் என்ன செய்தோம் என்று கேட்டார். கடைசியில் கையை உயர்த்தி, "கருக்கலைப்பைச் சட்டத்திலிருந்து எடுப்பேன் என்று சொல்கிறவருக்கே என் ஓட்டு. இப்படிக் கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை பண்ணுகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். ஓட்டு என்றால் அதுவரை எங்களுக்கு ரோடு, குடிதண்ணீர், பாலாற்றில் கலக்கிற தோல் கழிவு, இவ்வளவுதான். விசுவாசத்துக்கும் ஓட்டு உண்டு என்று ஒருவர் சொன்னதும் சட்டென்று எழுந்துவிட்டேன். கோயிலே எழுந்தது. பக்கத்தில் அக்கா மட்டும் மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் நானும் உட்கார்ந்தேன். முன்வரிசையிலிருந்து எங்கள் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார்.

அதற்கு முந்தைய வருஷம் அக்கா ஒரு குழந்தையை இழந்திருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய குழந்தை அது. பெயர்கூட வைத்துவிட்டாள். நாலாம் மாதம் ஸ்கேன் எடுக்க வேண்டியது. ஊரில் எடுக்கிற டாக்டர் இல்லாமல் தள்ளிப்போனது. ஐந்தாம் மாதம் வேலூருக்குப் போனோம். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்றார் டாக்டரம்மா. முடிவு உங்களுடையது, சட்டம் இடம் கொடுக்கிறது என்றும் சொன்னார். அக்காவும் மாமாவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். பிறகு அக்காவே உள்ளே போய்ச் சம்மதம் சொன்னாள். சபையில் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம். வழக்கமாக ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பாதி ஜெபத்திலேயே தூங்கிவிடுவார்கள். அன்று ஒருத்தியும் தூங்கவில்லை. சனிக்கிழமை வேட்பாளர் நம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறார், கருக்கலைப்புச் சட்டத்தை எடுப்பீர்களா என்று அவரை மடக்கி நிறுத்திக் கேட்போம் என்றார் பாஸ்டரம்மா. எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா எழுந்தாள். நான் அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "உடுடி" என்று தட்டிவிட்டாள்.

"பாஸ்டரம்மா, எனக்குக் கொழந்த தவறல. நான்தான் சம்மதிச்சுக் கலைச்சேன்."

அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள், குரல் நடுங்காமல். "அந்தச் சட்டம் இல்லன்னா மிச்ச மாசமெல்லாம் அத்தச் சுமந்துக்கினு நான் இன்னா ஆயிருப்பேனோ தெரியாது. கர்த்தர் என்னக் கைவிட்டாருன்னு எனக்குத் தோணல. நீங்க எல்லாம் எழுந்து நின்னீங்களே, அப்பதான் தோணுச்சு."

பின்வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். நல்ல வசவு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"எங்கம்மாவுக்கு நான் நாலாவது பொண்ணு" என்றார் அவர். "வயித்துல இருக்கும்போதே கலைக்கச் சொல்லி வீட்ல மருந்து குடுத்தாங்க. குடிச்சாங்க. நான் போவல. இதக் கேட்டு வளந்தவ நான். இன்னாத்துக்கு எழுந்து நின்னேன்னு இப்பத் தெரியுதா? ஒவ்வொரு உசுரும் அவர் குடுத்ததுன்னு நான் சொல்றது புஸ்தகத்துல படிச்சு இல்ல."

"நீங்க சொல்றது நெசம், பாஸ்டரம்மா."

"நீ சொல்றதும் நெசமாத்தான் இருக்கு. எனக்குத்தான் அத்த ஒத்துக்க முடியல."

பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு சண்டை! அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூன்றாவது பெண் என்று தெரிந்ததும் தன்னைத் தனியார் கிளினிக்குக்கு இழுத்துப்போன மாமியாரைப் பற்றி ஒருத்தி சொன்னாள். மாத்திரை வாங்கித் தின்று ரத்தம் நிற்காமல் கிடந்த தன் தங்கையைப் பற்றி இன்னொருத்தி சொன்னாள். சட்டம் இருந்தால் பாவம் பெருகும் என்றாள் ஒருத்தி. சட்டம் இல்லாவிட்டால் பிணம்தான் பெருகும் என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். பன்னிரண்டு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்கள் நாங்கள். ஒருவரையொருவர் அன்றுதான் தெரிந்துகொண்டோம். எனக்கோ தலை கிறுகிறுத்தது, பயமும் சந்தோஷமும் சேர்ந்து.

எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. கடைசியில் பாஸ்டரம்மா, "பொருத்தனை அவங்கவங்க மனசாட்சி. அத்தப் பத்தி இனிமே யாரையும் கேக்க மாட்டேன்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நாலாம் மாசமே பாத்திருந்தா?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். வலி கம்மியாவாவது இருந்திருக்கும்."

சனிக்கிழமை மேளச் சத்தத்தோடு வேட்பாளர் வந்தார். சால்வையும் கும்பிடுமாகத் தெருவில் நுழைந்தவரை நாங்கள் சுற்றிக்கொண்டோம். பாஸ்டரம்மா தன் கேள்வியை விடவில்லை. முதலில் அதைத்தான் கேட்டார். வேட்பாளர் பக்கத்திலிருந்த கட்சிக்காரரைப் பார்த்தார். கட்சிக்காரர் மேளக்காரரைப் பார்த்தார்.

"அதெல்லாம் டெல்லிச் சட்டம்மா" என்றார் வேட்பாளர். "அம்மா இன்னா சொல்றீங்களோ அப்படியே பண்ணிடலாம்."

"நான் ஒண்ணு சொல்வேன், இவ ஒண்ணு சொல்வா. எத்தப் பண்ணுவீங்க?" என்று அக்காவைக் காட்டினார் பாஸ்டரம்மா. கூட்டம் சிரித்தது. வேட்பாளருக்கு வியர்த்தது.

அப்போது அக்கா கேட்டாள்: "நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கற டாக்டர் எப்ப வருவாரு? அதுக்கு பதில் சொல்லுங்க."

எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்த பாய் வீட்டு அம்மா அங்கிருந்தே சத்தம் போட்டார்: "எங்களுக்கும் சேத்துக் கேளுங்கம்மா! என் மருமவள வேலூருக்குத் தூக்கினு போயிப் போயிப் பேஜாராப் போச்சு!"

வேட்பாளர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. ஜெயித்ததும் முதல் வேலை அதுதான் என்றார்.

ஓட்டுப் போடும் நாள் வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. அக்காவும் பாஸ்டரம்மாவும் எனக்கு முன்னால் ஒரே குடைக்குள் நின்றார்கள். வரிசை நகர நகர இருவரும் வாதாடிக்கொண்டே போனார்கள். உயிர் எப்போது தொடங்குகிறது, தாயின் உயிருக்கு யார் பொறுப்பு, கர்த்தர் யாரை எதற்காக மன்னிப்பார். போலீஸ்காரம்மா வந்து, "இங்க கட்சி பேசக்கூடாதும்மா" என்றார்.

"இது கட்சி இல்லம்மா, பைபிள்" என்றார் பாஸ்டரம்மா.

நான் மை வைத்த விரலோடு வெளியே வந்தபோது ஓடவேண்டும் போல இருந்தது. எத்தனையோ வருஷமாக ஓட்டுப் போட்டிருக்கிறேன். இவ்வளவு யோசித்துப் பொத்தானை அழுத்தியது அன்றுதான். யாருக்கு என்று மூவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு வாக்குக் கொடுத்த வேட்பாளர் தோற்றுப்போனார். முடிவு வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் துக்க வீடு போல உட்கார்ந்திருந்தோம். பாஸ்டரம்மா கதவைத் தட்டினார்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க? ஜெயிச்சவன் மட்டும் நம்ம ஊருக்கு எம்.எல்.ஏ. இல்லியா? கெளம்புங்க."

இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய ஐக்கியத்துப் பெண்களும் பாய் வீட்டு அம்மாவும் மருமகளுமாகப் போனோம். புது எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் பட்டாசுக் காகிதம் கணுக்கால் உயரம் கிடந்தது. மாலை கொண்டுவராமல் வந்த கூட்டம் நாங்கள் மட்டும்தான். பாஸ்டரம்மா அக்காவை முன்னே தள்ளினார். "நீ பேசு. உனக்குத்தான் நல்லா வருது."

அக்கா பேசினாள். எம்.எல்.ஏ. தன் உதவியாளரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் விடவில்லை, மாதம் ஒரு தடவை போய் நின்றோம். மழைக்காலம் தொடங்குவதற்குள், வாரத்தில் இரண்டு நாள் ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரம்மா வர ஆரம்பித்தார். முதல் நாள் வரிசையில் பாய் வீட்டு மருமகள் மூன்றாவதாக நின்றாள். அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தது பாஸ்டரம்மா.