வெறுங்காலும் வேலி முள்ளும்

அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து நிம்மதி போச்சு. கிரிவலப் பாதையை ஒட்டியிருப்பதால், பௌர்ணமி வந்தால் கம்பி வேலியை வளைத்துக்கொண்டு ஜனம் உள்ளே வந்துவிடும். சாப்பிட, படுக்க, அவசரத்துக்கு ஒதுங்க. உள்ளே சுற்றுச்சுவர் இடிந்த ஒரு பாழுங்கிணறு. யாராவது விழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று எனக்குத்தான் கவலை.

வேலியை எத்தனை தடவைதான் கட்டுவது? சலித்துப்போய், ஆடு மாடு நுழையாமலிருக்க ஊரில் எல்லோரும் செய்வதையே செய்தேன். வேலிக்காத்தான் முள்ளை வெட்டி, வேலி வளைந்த சந்தில் போடச் சொன்னேன். மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள், முள்ளைப் பார்த்தால் திரும்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு. அவர்களோ முள்ளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வழக்கம்போல வந்தார்கள். அதிலிருந்து உதிர்ந்த முள் புல்லுக்குள் கிடந்தது.

அதை மிதித்தவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா. சர்க்கரை நோயாளி. கூட வந்தவர்கள் முள்ளைப் பிடுங்கிவிட்டார்கள். மரத்துப்போன காலில் வலி தெரியாததால், மிச்ச தூரத்தையும் நடந்தே முடித்திருக்கிறார். பிறகு சீழ் பிடித்துவிட்டது. அவருடைய மகன் விசாரித்துக்கொண்டு வேங்கிக்காலில் உள்ள என் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"காலையே எடுக்கணும்னு சொல்றாங்க. கேஸ் போடாம விடமாட்டேன்" என்றார்.

தெரிந்த வக்கீலிடம் ஓடினேன்.

"கேக்காம உள்ள வந்தது அவங்க தப்புதான் மேடம். ஆனா வருவாங்கன்னும் தெரியும், வெறுங்காலுன்னும் தெரியும். தெரிஞ்சே முள்ளு போட்டா உங்களைத்தான் கேப்பாங்க."

"அப்ப கிணத்துல விழட்டும்னு விட்டிருக்கணுமா?"

"விழுந்தாலும் உங்களைத்தான் கேப்பாங்க."

அட கடவுளே! என் நிலத்துக்கு நான் சொந்தக்காரியா, காவல்காரியா?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு விரல்களை எடுத்துக் காலைக் காப்பாற்றியிருந்தார்கள். பேசவேண்டிய நியாயத்தையெல்லாம் வழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். நிலத்துக்காரி என்று சொன்னதுமே அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க எடம்னு தெரியாதும்மா. அடக்க முடியல. பொம்பளைங்க வேற எங்க போறது, சொல்லுங்க?"

தலையாட்டினேன்.

"இனிமே செருப்பில்லாம ஒரு அடி வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. செருப்பு போட்டுக்கினு சுத்துனா சாமி ஏத்துக்குமாம்மா?"

கேஸைப் பற்றி என்றால் வக்கீலைக் கேட்டுச் சொல்லியிருப்பேன். இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?