பங்களா முயல்

காது இரண்டும் எப்போதும் சூடாக இருக்கும். என் கைக்கு ஒரு சாணுக்கு மேல் நீளம், ஓரத்தில் மட்டும் மை இழுத்ததுபோல் கறுப்பு. காலையில் அது வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வெயில் காதுக்குள் புகுந்து, உள்ளே ஓடும் மெல்லிய சிவப்பு நரம்புகளைக் காட்டும். அந்தக் காதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஒன்பது வயதில் எனக்கு இருந்த பெரிய சந்தோஷம். முயல் என்றதும் உங்கள் மனத்தில் வரும் அளவை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இது படுத்து நீட்டினால் எங்கள் வீட்டு அம்மிக்கல்லைவிட நீளம். தூக்கி இடுப்பில் வைத்தால் மூன்று வயதுப் பிள்ளையின் கனம். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இதை முயல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

அது எங்களுடையது அல்ல. மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சென்னைக்காரர் ஒருவர் கட்டியிருந்த ஓய்வு பங்களாவில் அப்பா அப்போது வாட்ச்மேனாக இருந்தார். அதற்கு முந்தைய வருடம்வரை உப்பளத்தில்தான் வேலை. உப்பு வாருகிறவர்களின் பாதம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; விரலிடுக்கெல்லாம் வெடித்து, ஆறுவதற்குள் மறுபடி உப்புத் தண்ணீரில் நின்று நின்று, புண் ஒரு வழியாகத் தோலாகவே மாறிப்போகும். பங்களா வேலைக்குப் போன பிறகுதான் அப்பா முதன்முதலாகச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ஆறு மாதத்தில் பாதத்து வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. மழை மாதங்களில் உப்பளம் மூடிக் கிடக்கும்போதும் சம்பளம் வந்தது. அம்மா அந்த வருடம் எதற்கெடுத்தாலும் சிரித்தாள்.

முதலாளியின் பிள்ளைகளுக்காக வாங்கப்பட்ட முயல் அது. எங்கோ வெளிமாநிலத்துப் பண்ணையிலிருந்து குட்டியாக வந்ததாம். இவ்வளவு வளரும் என்று யாரும் சொல்லவில்லையோ என்னவோ, சென்னை வீட்டில் ரோமம் பறக்கிறது என்று அவர் மனைவி கோபித்துக்கொள்ள, பங்களாவின் பின்பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் பிரின்ஸ். விடுமுறைக்கு வரும்போது தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு கடலுக்குப் போய்விடுவார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கழுவெளி நிரம்பி, உப்பளம் எது ஏரி எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்த ஒரு நாள், பங்களாவின் பின்பக்கமும் முழங்கால் அளவு நிறைந்துவிட்டது. அப்பா கூண்டைத் திறந்து, முயலை ஒரு மீன் பெட்டியில் வைத்து, மேலே தன் மழைக்கோட்டைப் போர்த்தி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தான் நனைந்தபடி வீட்டுக்கு வந்தார். முதலாளிக்குப் போன் செய்து சொன்னபோது, "சரி, அங்கயே இருக்கட்டும்" என்று அவர் வைத்துவிட்டாராம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. "நமக்கே கால் நீட்ட எடமில்ல, இது வேறயா" என்றாள். அது இருப்பது தெரியாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாலும் அவள் சும்மா விடவில்லை. "தொரைக்குச் சாப்பாடு ஆச்சா?", "தொரை எழுந்துட்டாரா?" என்று இடித்துக்கொண்டே இருந்தாள். அப்படித்தான் பிரின்ஸ் எங்கள் வீட்டில் "தொரை" ஆனது.

ஊருக்கு அது "பங்களா முயல்". மழைக்கு வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குடையோடும் கோணிப்பையைத் தலையில் மடித்துப் போட்டும் வந்தார்கள். ஒருவர் துண்டால் தலையிலிருந்து வால்வரை அளந்தார். ஒருவர் இது வெளிநாட்டு ஆட்டையும் முயலையும் சேர்த்து ஊசி போட்டு உண்டாக்கியது என்று விளக்கம் சொன்னார். எத்தனை கிலோ கறி தேறும் என்று கேட்காதவர்கள் குறைவு. கூனிமேட்டிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் பாய் மட்டும் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "துபாய்ல ஆறு வருஷம் இருந்தேம்மா, அங்ககூட இப்டி ஒண்ண பாத்ததில்ல" என்றார். எனக்குத் தாங்கமுடியாத பெருமை. பள்ளிக்கூடத்தில் அதுவரை என்னைக் கண்டுகொள்ளாத பெண்கள் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தார்கள்.

அது முருங்கைக்கீரை தின்னும். அகத்தி, அருகம்புல், மார்க்கெட்டில் கழித்துப்போடும் கோஸ் இலை எல்லாம் தின்னும். நாய் வாசலுக்கு வந்தால் பின்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி அடிக்கும். "தொம்" என்ற அந்தச் சத்தத்தில் தட்டு அதிரும். வயிறு நிறைந்துவிட்டால் திடீரென்று பக்கவாட்டில் சரிந்து கண்ணை மூடிக்கொள்ளும். முதல் தடவை அப்படிச் சரிந்தபோது செத்துவிட்டது என்று நான் அழ, அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

மார்கழி நடுவில் ஒரு காலை, தொரை தன் நெஞ்சு ரோமத்தை வாயால் பிடுங்கிக்கொண்டிருந்தது. சொறி என்றார் அப்பா. வேப்பெண்ணெய் தடவலாம் என்று எழுந்தவரை அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். முயல் வாய் நிறைய வைக்கோலைக் கவ்வி அரிசி டிரம்முக்குப் பின்னால் கொண்டுபோனது. திரும்பி வந்து ரோமத்தைப் பிடுங்கியது. அதையும் கொண்டுபோய் வைத்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது தொரை இல்லடி, தொரசாணி" என்றாள் கடைசியில். "குட்டிக்கு மெத்தை போடுது."

குட்டி எங்கிருந்து வரும்? அது தனியாகவே வளர்ந்த முயல். தனியாக இருக்கும் முயல்கூடச் சில சமயம் சினை என்று தன் உடம்பே நம்பிவிட, இப்படிக் கூடு கட்டும் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அப்போது அம்மாவுக்கும் அது தெரியாது. ஆனால் நாலு நாள் ஆகியும் ஒன்றும் வராதபோது அவள் கேள்வி கேட்கவில்லை. அந்த ரோம மெத்தையை என்னைத் தொடவிடவில்லை. வீடு கூட்டும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினாள். நான் அம்மாவுக்கு மூன்றாவது. எனக்கு முன்னால் இருந்த இரண்டைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. அதற்குப் பிறகு அவள் முயலை இடித்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு முதலாளி மூன்று நண்பர்களோடு வந்தார். பிள்ளைகள் வரவில்லை. அவர் வரும்போதெல்லாம் அம்மாதான் சமையல். காணும் பொங்கல் அன்று அம்மா பங்களாவில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். "மொதலாளி கேக்குறாரு" என்று மட்டும் சொல்லி முயலை மீன் பெட்டியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சைக்கிள் பின்னாலேயே ஓடினேன்.

நண்பர்களில் ஒருவருக்கு அந்தப் பெரிய முயல் ஞாபகம் வந்திருக்கிறது. கோழிக்குப் பதில் அதைச் செய்தால் என்ன என்று பேச்சு வந்திருக்கிறது. முதலாளி கெட்டவர் இல்லை. அப்பாவிடம் குரல் உயர்த்திப் பேசியவர்கூட இல்லை. பிள்ளைகளுக்கு ஆசை தீர்ந்துபோன பொருள் ஒன்று ஊரில் கிடப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கும். சமையலறைப் பின்வாசலில் அப்பா பெட்டியை இறக்கி வைத்து, சொல்லச் சொன்னதைச் சொன்னார். அம்மா அரைத்த கையைக் கழுவினாள். முயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த முன்வராந்தாவுக்கு நேராகப் போனாள். அந்த வராந்தாவுக்கு அவள் கூட்டிப் பெருக்க மட்டுமே போயிருக்கிறாள்.

"சார், இது செனையா இருக்குதுங்க. செனையா இருக்கறத நான் ஆக்க மாட்டேங்க."

முதலாளி சிரித்தார். "பிரின்ஸ் ஆம்பளைம்மா."

அம்மா முயலைத் திருப்பிப் பிடித்துக் காட்டினாள். நண்பர்கள் வெடித்துச் சிரித்தார்கள். இத்தனை நாள் வளர்த்துவிட்டு உனக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒருவர் அவர் முதுகில் தட்டினார். முதலாளியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அது இறுகிப்போனதை நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"என்ன ஆறுமுகம், நீ என்ன சொல்ற?"

அப்பாவுக்குத் தெரியும். அந்த மெத்தை காலியாகவே கிடந்ததை அவரும் பார்த்தவர்தான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியில் நின்றார்.

"அவ சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

"ஜோடியே இல்லாம எப்படிப்பா செனை?" என்றார் முதுகில் தட்டியவர்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கழுவெளிப் பக்கம் காட்டு முயல் நெறைய சுத்துதுங்க சார்" என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். மறுபடி சிரிப்பு. முதலாளி மட்டும் கையை அசைத்து, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மரக்காணத்திலிருந்து கோழி வாங்கி வந்தார்கள். அம்மா சமைத்தாள், நன்றாக இருந்தது என்று சொல்லியனுப்பினார்கள். நான் முயலை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதை ஒரு கதையாக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. முதலாளி எழுந்து ஓடுவதுவரை கொண்டுபோய்விட்டேன்.

ஒரு மாதம் கழிந்தது. மாசி பிறந்த சமயம், முதலாளி போன் செய்தார். சென்னையிலிருந்து ஏஜென்சி மூலம் ஆள் போடப்போவதாகவும், இனி அப்பா வரவேண்டாம் என்றும் மரியாதையாகவே சொன்னார். முயலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். காணும் பொங்கல் நாளைப் பற்றி யாரும் எதுவும் குறிப்பிடவில்லை. அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டார். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். உப்பளத்தில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆள் எடுக்கும் காலம் அது. மறுவாரமே அப்பா பழைய இடத்துக்குப் போய்விட்டார்.

பங்குனிக்குள் பாதம் மறுபடி வெடித்தது. சாயங்காலம் அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்ட, அம்மா தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தடவுவாள். அப்போது யாராவது பேசினால் எனக்குப் பயமாக இருக்கும். முயல் பேச்சு வந்துவிடுமோ என்று. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை மறுபடி சொல்லும்படி கேட்டார்கள். மறந்துவிட்டது என்றேன்.

வெயில் ஏற ஏற தொரசாணியால் தாங்க முடியவில்லை. குளிர் தேசத்துக்கான ரோமம் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், உப்புக்காற்றில் என்ன செய்யும்? ஈரச்சாக்கு விரித்தோம். அப்பா வேலை முடிந்து வந்து, கால் புண்ணோடு கூரைமேல் ஏறிப் பனையோலை பரப்பினார். அம்மா தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினாள். நாள் முழுக்க அது ஈரமான குடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கும். பார்க்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். கத்திரி தொடங்கிய வாரத்தில் ஒரு மதியம், நான் காதைத் தொட்டபோது அது சரிந்து படுத்தது. இந்தத் தடவை கண்ணைத் திறக்கவில்லை.

அப்பா வந்ததும் அதை அம்மாவின் பழைய புடவையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, உப்புத் தண்ணீர் ஏறாத மணல்மேடு வரை நடந்தார். நானும் போனேன். வழியில் ஒருவர், "பங்களா முயலா ஆறுமுகம்? கறிக்கா?" என்றார். அப்பா இல்லை என்று தலையசைத்தார். குழி பெரிதாகத் தோண்டவேண்டியிருந்தது. தோண்டும்போது அவர் பாதத்திலிருந்து மணலில் ரத்தம் படிந்ததைப் பார்த்தேன். இதற்காகவா என்று எனக்குள் ஒரு கோபம் வந்தது. அம்மாமேலா, முயல்மேலா, அன்று சந்தோஷப்பட்ட என்மேலா என்று தெரியவில்லை. அழவேண்டிய இடத்தில் அந்தக் கோபத்தோடுதான் நின்றேன்.

இப்போது நான் புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அந்த பங்களா இல்லை. இடித்து, நீளமான மதில் எழுப்பி ரிசார்ட் கட்டிவிட்டார்கள். அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அம்மாவையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு, சாலையோரம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பூங்காவுக்குப் போனேன். கிளி, பச்சோந்தி, குட்டைக் குதிரை இவற்றோடு ராட்சத முயல்களும் இருந்தன. மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. மின்விசிறி, குளிர்காற்று எல்லாம் அவற்றுக்கு வைத்திருந்தார்கள். மகளை உட்காரவைத்துப் படம் எடுத்தேன். அம்மா கிட்டே வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. மகள் தூங்கிவிட்டாள். உப்பளங்களைத் தாண்டும்போது அம்மா தானாகப் பேசினாள்.

"வேல போச்சுன்னு போன் வந்த அன்னைக்கி, உங்கப்பா என்னைத் திட்டும்னு காத்துக்கினு இருந்தேன். திட்டல. மறுநா கேக்கும்னு பாத்தேன். கேக்கல. கால்ல எண்ணெய் தடவும்போதெல்லாம் இன்னிக்கிக் கேக்கும், இன்னிக்கிக் கேக்கும்னே இருப்பேன். சாவற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு வார்த்த கேக்கல."

இத்தனை வருடமாக நானும் அதே பயத்தோடு அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?" என்றேன்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வரப்பில் ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பேர் உப்பை அம்பாரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்புதான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "அதைச் சொல்ல வுடல அந்த மனுஷன்."